நீல முத்திரை

காலை பத்தேகாலுக்கு எங்கள் ஆய்வகத்துக்குத் தேநீர் வரும். அதற்குள் ஒரு வேலையையாவது முடித்துவிடுவது என் வழக்கம். அன்று முடித்தது நூற்று எண்பது நோயாளிகள்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை அது. பாதி அளவே போதும் என்பது என் கணிப்பு. பதினொரு பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்பது பேர் நலம் என்றார்கள். இருவர் திரும்ப வரவில்லை. குணமானவன் எதற்கு மருத்துவமனைக்கு வருகிறான்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மீதிப் பேரை அலைக்கழிக்க மனம் வரவில்லை. சின்னதாக ஒரு கணினி நிரல் எழுதினேன். நூற்று எண்பது பேருக்கும் வயது, எடை, ரத்தக் கணக்கு எல்லாம் அது தந்தது.

என் கட்டுரை வந்த ஆய்விதழில் ஓர் ஏற்பாடு. தரவைப் பொதுவில் வைத்தால் தலைப்பருகே பச்சை முத்திரை. பதவி உயர்வுக்கு அதற்குத் தனி மதிப்பெண். வைத்தேன். தரவை யாரும் திறக்கவில்லை. முத்திரையைத்தான் பார்த்தார்கள்.

"ஒளிவுமறைவு இல்லாத ஆளுய்யா நீ," என்றார் துறைத்தலைவர்.

நிரலையும் வைத்தால் நீல முத்திரை. எங்கள் துறையில் இரண்டும் வாங்கியவர் இல்லை. எதிர் அறைக்காரர் முயல்வதாகக் காதில் விழுந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று பொறுக்கிக்கொண்டிருந்தால் அவர் முந்திவிடுவார். நிரல்கள் இருந்த கோப்புறையை அப்படியே இணையத்தில் ஏற்றினேன்.

மறைத்தேன் என்று மட்டும் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளாதீர்கள். எங்கள் துறையில் எதையுமே மறைக்காதவன் நான் ஒருவன்தான்.

என் மச்சினி வேறோர் ஊரில் மருத்துவமனைப் புள்ளியியலாளர். இரண்டு முத்திரைகளையும் காட்டி, எங்க அத்தான் கட்டுரை என்று சொல்லி, அங்கே மாத்திரையைப் பாதியாக்க வைத்தவள் அவள்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும்தான்.

போன வாரம் கூப்பிட்டாள். சளி பிடித்த குரல் என்று நினைத்தேன்.

"அத்தான், வார்டுல ரெண்டு பேருக்குப் பக்கவாதம். மூணாவது ஆள் காலையில போயிட்டாரு. அதான் நீங்க ஏத்தின புரோகிராமை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஓட்ட ஓட்ட, ஒவ்வொரு தடவையும் புதுசா நூத்தியெண்பது பேர் வர்றாங்க. எல்லாருக்கும் பாதி மாத்திரையே போதுங்குது. இதுல உங்க நோயாளிங்க யாரு அத்தான்?"