கோபக் குமிழ்

— எவ்ளோ ஆச்சு பாப்பா?

— பாதி தாண்டிருச்சுண்ணா. குறுக்க நெடுக்க நடக்காத. இந்த மோட்டார் கொட்டாய்ல லேப்டாப் வக்கறதுக்கு எடம் புடிச்சதே பெரும்பாடு.

— நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறப்பவும் பாதின்னுதான சொன்ன?

— அது பாதிக்குக் கொஞ்சம் முன்னாடி. இது பாதிக்குக் கொஞ்சம் பின்னாடி.

— படிச்ச புள்ளைங்க கணக்கே தனி. வெளிய பாரு, பொழுது கரட்டு மேல ஒக்காந்துருச்சு.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். ஐயோ, உன் போன் அடிக்குது! எடுக்காத. அதுலதான ஹாட்ஸ்பாட் போட்டிருக்கறேன். கால் எடுத்தா நெட்டு கட்டாயிடும்.

— திருமாலு கூப்புடறான். கரண்ட் கம்பத்துக்கிட்ட ஒத்தையில நிக்கறவன் கூப்புட்டா எடுக்காம எப்படி? ஸ்பீக்கர்ல போடறேன். சொல்றா.

— மாதவராஜ் மச்சான், கொக்கிய மாட்டட்டுமா வேணாமா? கை நோவுது. மூங்கிலத் தூக்கிக்கிட்டு நிக்கறதப் பாத்துட்டு போறவன் வர்றவனெல்லாம் என்ன பறிக்கறேன்னு கேக்கறான். கம்பத்துல எதப் பறிக்கறது?

— பொழுது வுழட்டும்னு சொன்னேன்ல? வேலியில கம்பி சுத்தியாச்சா?

— ராகிக் கொல்லைய நாலு பக்கமும் சுத்தியாச்சு. கொக்கி லைன்ல வுழுந்தா போதும், தொட்டது எந்திரிக்காது. சாமி சத்தியமா.

— சரி, வை. நானே கூப்புடறேன்.

— போச்சு! நின்னுருச்சு. அண்ணா, இன்னொரு தடவ அந்தத் திருமால் அண்ணன் கூப்புட்டா போனக் கெணத்துல போட்டுடுவேன்.

— போனப் போட்டா உன் நெட்டும் சேந்து போயிடும். கம்முனு வேலையப் பாரு.

— வருது, வருது... மறுபடி எறங்குது. இது தேவையாண்ணா? லைன்ல கொக்கி போட்டு வேலிக்குக் கரண்ட் வுடறது? யானை செத்தா நீ ஜெயிலுக்குப் போவ. யானைக்குப் பதிலா ஆடு மேய்க்கற பொம்பள யாராச்சும் தொட்டா?

— நான் என்ன ஆசைப்பட்டா செய்யறேன்? அப்பா கால்ல பிளேட்டு வச்சுக்கிட்டு கட்டில்ல கெடக்கறாரு. யானைக்குப் பயந்து ஓடித்தான வுழுந்தாரு? அவரு பேச்ச வுடு. இந்த வருசம் ராகி கதிரு தல சாஞ்சு நிக்குது. அறுப்புக்கு ஆளு சொல்லியாச்சு. அதையும் யானைக்குப் பந்தி போடச் சொல்றியா?

— அதுக்குத்தான் இந்த வெல்ட்ரா சாஃப்ட்வேர் வருதே!

— வெல்ட்ராவாம், வெல்ட்ரா. மாப்பிள்ளைப் பேச்செடுத்தா கொட்டாவி வுடற. ஆடி மாசத்துலயிருந்து இந்த வெல்ட்ராவுக்குச் சோறு தண்ணியில்லாம காத்துக் கெடக்கற.

— உனக்குச் சொன்னா புரியாது. கேமுக்குச் சத்தம் செய்யறவங்க உலகம் பூரா இன்னிக்கு இதுக்குத்தான் முழிச்சுக்கிட்டிருக்கறாங்க. அந்தக் கம்பெனிக்காரன் சாயங்காலம் வெளியிட்டான். முன்னயே பதிஞ்சு வச்ச ஆளுங்க நாங்க. எல்லாரும் ஒண்ணா இழுக்கறதாலதான் இப்படி நகருது.

— வூட்டுல ஒக்காந்துக்கிட்டு பெங்களூர்க்காரனுக்குக் கதவு சாத்தற சத்தம் செஞ்சு குடுக்கற. கதவ நெசமாச் சாத்துனா பத்தாதா?

— நம்மூட்டுக் கதவா? அது சாத்துனா பேய்ப் படத்துக்குத்தான் ஆவும். கேளு. இது சும்மா கீபோர்டு சத்தம் போடற சாஃப்ட்வேர் இல்ல. நாம ஒரு சத்தத்தக் குடுத்தா, மில்லுல போட்ட ராகி மாதிரி அத மாவாக்கிடும். அப்புறம் அந்த மாவ அள்ளித் தூவும். ஒருக்கா தூவுன மாதிரி இன்னொருக்கா வுழாது. சத்தம் அதேதான், ஆனா ஒரு நொடி கூட திரும்பி வராது.

— மாவத் தூவுனா யானை ஓடிப் போயிடுமா?

— தேனீச் சத்தத்தத் தூவுனா ஓடும். மொத நாளு ஓடலையா? மரத்துல கூம்பு ஸ்பீக்கரக் கட்டி நான் தேனீயப் போட்டதும் மொத்தக் கூட்டமும் பிளிறிக்கிட்டு ஓடுச்சே, மறந்துட்டியா? நீதான மாரண்டஹள்ளி சந்தை பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச?

— சொன்னேன். என் தங்கச்சி காவியா பொட்டிக்குள்ள தேனீ வளக்கறான்னு. மறுநாளே மானம் போச்சு. அந்தக் கிழிஞ்சகாதி பொட்டை யானை மட்டும் திரும்பி வந்து, உன் தேனீக்கு அடியிலயே நின்னுச்சு. நேத்து ஸ்பீக்கரையே புடுங்கி மிதிச்சுப் போட்டுருச்சு. இன்னிக்கு மரத்துல தொங்கறது சவுண்டு சர்வீஸ்காரன்கிட்ட கெஞ்சி வாங்கியாந்தது.

— அதுதான் என் தப்பு. வத்தல்மலையில கூட்டுக்குக் கீழ படுத்து ரெக்கார்டு பண்ணது ஒரே துண்டு. அதையே திரும்பத் திரும்ப ஓட வுட்டேன். யானைக்கு ஞாபகம் ஜாஸ்தி. இது தேனீ இல்ல, டப்பான்னு கண்டு புடிச்சுருச்சு. பழகிப் போச்சு. வெல்ட்ராவுல அந்த வேலை நடக்காது. அதுல கோவம்னே ஒரு குமிழு இருக்குது. திருகத் திருகத் தேனீக்கு வெறி ஏறும்.

— அந்தக் குமிழ என்கிட்ட குடு. ஒரேடியாத் திருகிடறேன்.

— காதும் இருக்குதுண்ணா. வேலியோரம் மைக் வச்சிருக்கறேன் பாரு, அது வழியா வெளிய கேக்கற சத்தத்துக்குத் தகுந்த மாதிரி தானா பதில் சொல்லும். யானை கிட்ட வந்தா கோவம் ஏறும், தள்ளிப் போனா எறங்கும். அதவிட எனக்குப் புடிச்சது இன்னொண்ணு. ஒரு சத்தத்தக் கேட்டதும், அது எந்த மாதிரி எடத்துலயிருந்து வருதுன்னு பிரிச்சுக் காட்டும். மண்டபமா, குளிக்கற ரூமா, வெட்டவெளியா, எல்லாம் படம் போட்டுக் காட்டும். ஒரு குகைச் சத்தம் செய்யறதுக்கு நான் எத்தனை நாள் கெடந்து சாவேன் தெரியுமா?

— யானைக்கும் குளிக்கற ரூமுக்கும் என்ன சம்பந்தம்?

— இன்னிக்கு ஒண்ணுமில்ல. அது என் பொழப்புக்கு.

— பொழப்ப அப்புறம் பாக்கலாம். நகருதா?

— முக்கால். நீ பேச்சுக் குடுத்தா எனக்கும் படபடப்பு கொறையும். நேத்து அது எவ்ளோ ராகி தின்னுச்சு?

— தின்னுச்சா? ஒரு கதிரு ஒடிக்கல. அதான் எனக்கு வயித்தெரிச்சலே. தின்னுட்டுப் போனா, போவுது பசின்னு வுட்டுடலாம். காட்டோரத்துலயிருந்து பாழுங்கெணத்து மேடு வரைக்கும் போறதும் வர்றதுமா நடந்து, ராகிக்குள்ள வண்டித்தடமே போட்டிருக்குது. மேட்டுல நின்னுக்கிட்டு கால்ல மண்ணச் சீக்குது. பட்டாசு போட்டாலும் நகரல. திமிரு பாப்பா. திங்க வரல, என்னச் சீண்டிப் பாக்க வருது.

— பகல்ல அந்த மேட்டுப் பக்கம் போயிப் பாத்தியா?

— எவன் போவான்? பகல்லயும் எதுத்தாப்புல காட்டோர உண்ணிப் புதருக்குள்ள ஒளிஞ்சு நிக்குது. காது மட்டும் ஆடுது.

— அண்ணா! முடிஞ்சுருச்சு! எறங்கிருச்சு!

— அப்பாடா. போடு.

— இரு, இன்ஸ்டால் ஆவணும். ஆவுது... ஆவுது... இப்ப மெயில்ல ஒரு நம்பர் வரும், அத அடிக்கணும்.

— யானைய வெரட்டறதுக்கும் ஓடிபியா? ரேஷன் கடை மாதிரி ஆயிப்போச்சே.

— வந்துருச்சு. அடிச்சாச்சு. அம்மாடி... என்னா அழகா இருக்குது பாரேன்! கறுப்புத் திரையில பொன்னு பொன்னாப் புள்ளி. நான் வீடியோவுல பாத்தத விட...

— பாப்பா, பொழுது வுழுந்துருச்சு.

— தேனீய உள்ள போட்டாச்சு. மாவாக்குது. இந்தா, கோவக் குமிழு. ஹெட்போன்ல லேசாக் கேட்டுப் பாரு.

— அய்யய்யோ! எடு, எடு! காதுக்குள்ளயே கொட்டிருச்சு!

— எப்படி?

— கழுத்தெல்லாம் புல்லரிக்குது. கொட்டலைன்னு தெரிஞ்சும் கை தானா மூஞ்சிய மூடுது. ஆமா, இது வேலைக்காவும். திருமாலு கூப்புடறான்... எடுக்கலாமா?

— எடுண்ணா, இப்ப நெட்டு வேணாம்.

— மச்சான், வந்துருச்சு! கிழிஞ்சகாதி புதர வுட்டு வெளிய வந்து நிக்குது. ரோட்டு மேலயிருந்து நல்லாத் தெரியுது. வேலியப் பாத்துத்தான் நடக்குது. போட்டுடட்டுமா?

— கொக்கியக் கம்பி பக்கத்துல வச்சுக்க. நான் சொன்னதும் போடு. பாப்பா, உன் சத்தத்தப் போடு!

— ஒரு நிமிசம். போடறதுக்கு முன்ன வெல்ட்ரா எடத்தக் கேட்டுக்கணும். மைக் தொறந்தாச்சு.

— அது கேட்டு முடிக்கறதுக்குள்ள இது ராகிக்குள்ள வந்துரும்.

— அண்ணா, திரையில அடியில பாரு. இந்தக் கோடு.

— என்ன கோடு? எனக்கு ஒண்ணும் கேக்கல.

— நமக்குக் கேக்காது. அவ்ளோ அடித்தொண்டையில வருது. மேல தூக்கறேன். இப்ப கேளு.

— அட... உறுமுது. வயித்துக்குள்ளயிருந்து யாரையோ கூப்புடற மாதிரி.

— கூப்புடத்தான் செய்யுது. பாரு, நிறுத்துது. நிறுத்திட்டுக் காத்திருக்குது. இப்ப... இதோ! இது வேற கொரலு. பதில் சொல்லுது.

— ரெண்டு யானையா? டேய் திருமாலு, இன்னொண்ணு எங்கடா நிக்குது?

— இன்னொண்ணா? ஒண்ணுதான் மச்சான். சாமி சத்தியமா ஒண்ணே ஒண்ணுதான். வேலிக்கு இன்னும் பத்தடி கூட இல்ல!

— காவியா, கோவக் குமிழத் திருகு! நீ திருகறியா, அவன் கொக்கியப் போடட்டுமா?

— திருக மாட்டேன். கொக்கியும் போடக் கூடாது. அண்ணா, என் மேல ஆணை, இந்த ஒரு தடவ கம்முனு இரு. ரெண்டாவது கொரல மட்டும் பிரிக்கறேன்... எடத்தக் காட்டு, காட்டு...

— என்ன காட்டுது?

— வெட்டவெளி இல்ல. சுத்தியும் கல்லு. வட்டமா, ஆழமா. மேல மட்டும் தொறந்திருக்குது. குடத்துக்குள்ள தலைய வுட்டுக் கத்துனா வருமே, அந்த மாதிரி.

— நம்ம கொல்லையில அப்படி எடம் ஏது...

— கொரலும் சின்னதுண்ணா. ரொம்பச் சின்னது.

— திருமாலு. டேய். பாழுங்கெணத்து வாய மூடிக்கிட்டு உண்ணிச்செடி மண்டிக் கெடக்குமே, அது தெரியுதா?

— செடியா? நடுவுல பொத்துக்கிட்டு ஓட்டையாக் கெடக்குது மச்சான். அத வுடு, யானை வேலிய மோந்து பாக்குது. போடறேன்!

— போடாத! கொக்கியக் கீழ போடுறா! தூரமா வீசு! அது போவட்டும், கம்பிய அறுத்துக்கிட்டுப் போவட்டும். நீ ஃபாரஸ்டு ஆபீசுக்குப் போன் போடு. மாதவராஜ் கெணத்துல யானைக்குட்டி கெடக்குதுன்னு சொல்லு.

— மச்சான், அவங்க வந்தா வேலியில சுத்துன கம்பியப் பாப்பாங்களே!

— பாக்கட்டும். நான் பதில் சொல்லிக்கறேன். போடுறா போன!

— அண்ணா...

— அழுவாத பாப்பா. பதில் சொல்லுதுல்ல? உசுரு இருக்குது. ஜேசிபி வந்தா சரிவா வெட்டி ஏத்திடலாம். அது அங்க எதுக்கு மண்ணச் சீச்சுக்கிட்டு நின்னுச்சுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.

— பழகிப் போயி நிக்கல. ஸ்பீக்கருக்கு அடியில பயந்துக்கிட்டேதான் நின்னிருக்குது.

— ஆமா.

— மொத நாளு நான் தேனீயப் போட்டப்ப கூட்டம் எந்தப் பக்கமா ஓடுச்சு?

— வுடு பாப்பா. இருட்டுல யாரு கண்டது?

— நீ டார்ச் அடிச்சுக்கிட்டுப் பின்னாலயே போன. சொல்லுண்ணா. எந்தப் பக்கமா ஓடுச்சு?

— ...பாழுங்கெணத்துப் பக்கமா.