வில்ஃபுக்கு நான் வாசித்த கடிதங்கள்

என் பெயர் டெனிஸ்டன். வயது இருபத்துநான்கு. இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே டீ நன்றாகவே இருக்கிறது. அக்கா, நான் பேசப் பேச போனே எழுதிக்கொள்கிறது; பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் குடியிருந்தது வில்ஃப் ஆக்ராய்ட் வீட்டு மாடி அறையில். அவருக்கு எண்பத்தொரு வயது, கம்பளி ஆலையில் வேலை பார்த்தவர். ஆள் வருவது தெரியும், எழுத்து தெரியாது, கண் அப்படி. தபால் வாசிப்பது நான்.

ஏப்ரலில் கோர்ட்டிலிருந்து தடித்த உறை வந்தது. அவருடைய இறந்துபோன தம்பியின் மகள் லின்டா, வீட்டில் பாதி தன்னுடையது, விற்றுப் பிரிக்க வேண்டும் என்று வழக்குப் போட்டிருந்தாள். பதினான்கு நாளில் பதில் போக வேண்டும்.

"சின்னதுலயே கேக்ல பெரிய துண்டுதான் கேப்பா," என்று சிரித்தார் வில்ஃப். பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தார். "அவ அப்பன் அவன் பங்க எனக்கே எழுதிக் குடுத்துட்டான் தம்பி. இத நகல் எடுத்து அனுப்பு. என்கூட வர்ற ஆளுன்னு உம் பேரப் போடு. கோர்ட்ல எனக்குக் கண்ணு நீதான்."

என் விசா பிப்ரவரியிலேயே முடிந்திருந்தது. கோர்ட் தாளில் பெயர் எழுதக் கை வரவில்லை. பெயரை விட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். அது தோன்றியபோது நாள் கடந்துவிட்டது. "அனுப்பியாச்சு" என்றேன்.

இந்த நாட்டு வழக்குமுறை நியாயமானதுதான். நீதிபதி யாரையும் தேடி வர மாட்டார். இரண்டு தரப்பும் கொண்டுவந்து வைப்பதைப் பார்ப்பார். ஒருவர் வராவிட்டால், வந்தவர் சொன்னதை வைத்துத் தீர்ப்பு எழுதுவார். விசாரணைத் தேதி சொல்லும் கடிதமும் வந்தது. என் மெத்தைக்கு அடியில் வைத்தேன்.

தினமும் கதவுத் துளை வழியே தபால் விழுந்ததும் வில்ஃப் கேட்பார்: "கோர்ட்டா, பீட்சாவா?" ஒருநாள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "கோர்ட்" என்றேன். கையில் இருந்தது பீட்சாக் கடை நோட்டீஸ். நீதிபதி தாளைப் பார்த்தார், திருப்தி என்று வாசித்தேன். அவர் வாங்கி, மடித்து, டின்னில் வைத்தார்.

பிறகு குப்பை அள்ளும் நாட்களின் பட்டியல், பல் மருத்துவமனைக் கடிதம் எல்லாவற்றையும் அதே மாதிரி கோர்ட் கடிதமாகவே வாசித்தேன். நீதிபதிக்கு ஒரு பெண் பெயரும் வைத்தேன்.

"பொம்பள ஜட்ஜா? அதான் புத்தியா எழுதுது," என்றார். இன்னொரு நாள், "லின்டாவ ரொம்பத் திட்ட வேணாம்னு ஜட்ஜம்மாவுக்கு ஒரு வரி எழுதிடு தம்பி," என்றார். எழுதினேன். அதுவும் மெத்தைக்கு அடியில்தான். லின்டா பக்கம் வந்த தீர்ப்பும் அங்கேதான் போனது.

போன செவ்வாய்க்கிழமை காலை கோர்ட் அமீனா, பூட்டு மாற்றும் ஆளோடு வந்தார். வில்ஃப் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"வீடு மாறி வந்துட்டீங்கப்பா. ஜட்ஜம்மா என் பக்கம். எல்லாம் இதுல இருக்கு," என்று டின்னை நீட்டினார்.

அமீனா டின்னில் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தம்பியின் தாள் அடியில் இருந்தது. "இத நீங்க அப்பவே கோர்ட்ல காட்டியிருக்கணுங்க. இப்ப நான் பாத்து ஒண்ணும் ஆகாது." டின்னை மூடிக் கொடுத்து, "மத்ததெல்லாம் பீட்சா நோட்டீசு, குப்பைப் பட்டியலுங்க," என்றார்.

வில்ஃப் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயே இவருக்கு வாசிச்சுக் காட்டு."

நான் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

அவரை இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். வீட்டை அடுத்த வாரம் விற்கிறார்கள். விசாரணைக்கு வராததற்குத் தக்க காரணம் இருந்து, தாமதிக்காமல் கேட்டால், மறுபடி விசாரிப்பார்கள். தீர்ப்பு வந்த அன்றே இந்த விதியைப் படித்து வைத்திருந்தேன். அந்தக் காரணம் நான். ஆனால் 'இது உண்மை' என்று ஒருவர் பெயரோடு கையெழுத்துப் போடாத தாளை இங்கே கோர்ட் மதிக்காது.

அவருக்கு நான் கெடுதல் நினைத்ததே இல்லை. அவர் நிம்மதியாக இருந்த அத்தனை மாதமும் என்னால்தான்.

அக்கா, இதை இங்கிலீஷில் எழுதவைத்து வெள்ளிக்கிழமைக்குள் கோர்ட்டுக்கு அனுப்பிவிடு. முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிடு.