தொழில் என்றொரு கட்டம்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே, அயல்நாட்டுப் பேச்சுவார்த்தைக்கு நாளை புறப்படும் வர்த்தகத் துறை அதிகாரி அவர்களே, கடல் கடந்து உழைக்கும் பெண்களைப் பெற்றெடுத்த தாய்மார்களே, அந்தப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கே பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும் என்னைப் போன்ற கணவன்மார்களே! வணக்கம்.

சிரியுங்கள், பரவாயில்லை. பேருந்து ஓட்டும் இந்தக் கைக்கு இரட்டைச் சடை பழக ஆறு மாதம் ஆயிற்று.

சரக்கு கப்பலேறினால் வர்த்தகம். சேவை கடல் கடந்தால்? அதுவும் வர்த்தகமே என்கிறது நம் அதிகாரி பேசப்போகும் ஒப்பந்தம். அதன் வரைவில் பொறியாளரின் பட்டம் உண்டு, கணக்காளரின் பட்டம் உண்டு. செவிலியின் பட்டம் எங்கே ஐயா? தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

என் மனைவி பதினோரு ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றவள். வெளிநாடு போக விண்ணப்பித்தபோது ஏஜென்ட் சொன்னார், நர்ஸ் என்று போட்டால் இரண்டு வருடம் இழுக்கும், வீட்டுவேலை என்று போட்டால் ஒரே மாதம் என்று. அவள் தயங்கினாள். அவசரப்பட்டவன் நான். ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘வீட்டுவேலை’ என்று எழுதியது இந்தக் கைதான்.

போனாள். அங்கே ஒரு மூதாட்டியைக் கவனிக்கும் வேலை. ஒருநாள் காலை அந்த அம்மாவுக்கு வாய் லேசாகக் கோணியது. பக்கவாதம் என்று பார்த்தவுடனே இவளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். வீட்டார் வீட்டுவேலை என்றிருந்த அவளுடைய விசாத் தாள்களைக் காட்டி, சமையலை மட்டும் பார் என்றார்கள். மாலையில்தான் கொண்டுபோனார்கள். அதற்குள் அந்த அம்மாவின் வலது கை போய்விட்டது.

போனில் அவள் என்னைத் திட்டவில்லை. “எல்லாம் தெரிஞ்சும் பார்த்துக்கிட்டே நின்னேங்க” என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது அந்நாட்டு அலுவலகத்தில் செவிலியாகப் பதியக் கேட்டால், ‘வீட்டுவேலை என்றுதானே வந்தாய்’ என்கிறார்கள். அவள் மீண்டும் செவிலியாக இருக்க ஒரே வழி இந்த ஒப்பந்தம்தான். அதில் அவள் படிப்புக்கு ஒரு வரி வேண்டும். அவளைப் போன்ற ஆயிரமாயிரம் பெண்களுக்கும் அந்த ஒரு வரி வேண்டும்!

கைதட்டல் பிறகு, இதைக் கேளுங்கள். நேற்றுப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘தாயின் தொழில்’ என்று ஒரு கட்டம். “அப்பா, என்ன எழுத?” என்றாள் என் மகள். என்னைப் பார்த்தாள், குனிந்தாள், நர்ஸ் என்று அவளே எழுதிக்கொண்டாள்.

அதிகாரி அவர்களே, ஒன்பது வயதுப் பிள்ளை எழுதிவிட்டது. நாளை நீங்களும் எழுதிவிட்டு வாருங்கள். பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.