குறிப்பலகைக்குப் பக்கத்தில் நின்றவன்

பெல்தன் (மனசுக்குள்): கேட்கத்தான் வந்திருக்கான். மூணு கிண்ணம் தேநீர் குடிச்சாச்சு, இன்னும் வாயைத் திறக்கல. கேட்காமலே எழுந்து போயிடேன்டா...

தோப்கே: அண்ணி, இன்னிக்கு வெண்ணெய் தூக்கலா இருக்கே.

பெல்தன்: உன் அண்ணன் தொடாத வெண்ணெய் எல்லாம் உன் தேநீர்லதான் போகுது.

தோப்கே: இன்னும் கோவில்லதானா?

பெல்தன்: விடியறதுக்கு முன்னாடியே போயிட்டார். விழுந்து கும்பிடறது, எழுந்திருக்கிறது, மறுபடி விழறது... நெத்தியில தோல் உரிஞ்சிருச்சு.

தோப்கே: அதான் நாப்பத்தொம்பதாம் நாள் காரியம் முடிஞ்சுதே. உங்க தம்பிக்கு...

பெல்தன்: ஷெரப்னு பேரைச் சொல்லேன். உன் அண்ணன் விட்ட அம்புல போனவன்தானே... பேருமா போயிடுச்சு?

தோப்கே: ஷெரப்புக்கு... சரி. அண்ணி, ஞாயித்துக்கிழமை பாரோவுல வில்வித்தை இறுதிப் போட்டி. பதிமூணு பேர் வேணும். அண்ணன் இல்லாம குருட்டுக் கோழி மாதிரி விடறோம். போன வாரம் என் அம்பு மாட்டுக் கொட்டகைக் கூரையில போய் நின்னுச்சு.

பெல்தன்: மாடு பிழைச்சுதா?

தோப்கே: நக்கலா...

பெல்தன்: வில்லைத் தொட மாட்டேன்னு லாமா முன்னாடி வாக்குக் கொடுத்துட்டார் தோப்கே.

தோப்கே: லாமா அந்த வாக்கைக் கேட்கவே இல்லையே! நினைப்புல கொலை இல்லேன்னா கொலைப் பாவம் இல்லேன்னுதான் சொன்னார். நாம என்ன வேட்டையா ஆடறோம்? சாண் அகல மரப்பலகை. நம்ம காவல் தெய்வமே வில்லோடதான் நிக்குது.

பெல்தன்: தெய்வத்துக்குக் குறி தப்பாது.

தோப்கே: மனுஷனுக்குத் தப்பும். எதிரணி ஆளுங்க பலகை பக்கத்துல நின்னு ஆடறதும் வையறதும் என்னிக்கும் உள்ளதுதான். அம்பு வரும்போது நகரணும். அவன் நகரல...

பெல்தன்: ஓ. அவன் நகரல.

தோப்கே: குத்தம் சொல்லல அண்ணி.

பெல்தன்: சின்னதுலேருந்தே அப்படித்தான். அடிக்கப் போனா சிரிச்சுக்கிட்டு அங்கேயே நிப்பான். சரி, கேட்க வந்ததைக் கேளு.

தோப்கே: லாமா ஒரு வழி சொல்லியிருக்கார். செத்தவன் வீட்டு ஆள் ஒருத்தர் சன்னதியில நின்னு, 'பலகையைப் பார்த்துதான் விட்டார், எனக்குச் சந்தேகம் இல்ல'ன்னு சொல்லி, வில்லைத் தன் கையால எடுத்துக் கொடுக்கணும். அப்ப அந்த வாக்குலேருந்து அண்ணனை லாமா விடுவிச்சிடுவாராம்.

பெல்தன்: ஷெரப்புக்கு என்னை விட்டா யாரு இருக்கா...

தோப்கே: அதான்...

பெல்தன்: பொம்பளை மூச்சு பட்டாலே அம்பு கோணும்னு போட்டிக்கு முந்தின நாளே அவரைக் கூட்டிட்டுப் போய்க் கூடாரத்துல படுக்க வைப்பீங்க. இப்ப என் கையால வில்லு வேணுமா?

தோப்கே: சிரிக்காதீங்க அண்ணி. அண்ணன் செத்துக்கிட்டிருக்கார். நாணை இழுத்து மூச்சைப் பிடிச்சு நிக்கும்போது மனசு ஏரித் தண்ணி மாதிரி ஆயிடும்பார். அவருக்குத் தியானமே அதுதான். அதையும் பிடுங்கிட்டா என்ன மிஞ்சும்?

பெல்தன்: அன்னிக்கும் ஏரி மாதிரிதான் இருந்துதா? பக்கத்துல நின்னியே.

தோப்கே: ...நின்னேன்.

பெல்தன்: ஷெரப் என்ன கத்தினான்?

தோப்கே: எல்லாரும் கத்தறதுதான். வழுக்கை, மூக்கு...

பெல்தன்: கடைசியா.

தோப்கே: வேண்டாம் அண்ணி.

பெல்தன்: 'பத்து வருஷமா எங்க அக்காவுக்கு ஒரு பிள்ளை கொடுக்க முடியாத ஆளு, நீ பலகையையா அடிக்கப் போறே அத்தான்?' மைதான ஓரத்துல பாட்டுப் பாடி ஆடின பொண்ணுங்ககூட வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்களாம்.

தோப்கே: மைதான வசவு! அதை யார் மனசுல வெச்சுக்குவாங்க? அண்ணனும் சிரிச்சார்.

பெல்தன்: சிரிச்சாரா?

தோப்கே: ...இல்ல.

பெல்தன்: குறை அவர்கிட்டதான்னு திம்புல டாக்டர் சொன்னதை ஷெரப்கிட்ட சொன்னது நான். ஒருநாள் தாங்க முடியாம அழுதேன், அப்ப. உனக்குக்கூடத் தெரியாது.

தோப்கே: அண்ணி... போதும், விடுங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. போனவன் போயிட்டான், இருக்கிறவராவது மிஞ்சட்டும். நான் பார்த்தேன், அண்ணன் கண்ணு பலகை மேலதான் இருந்துது.

பெல்தன்: சத்தியமா?

தோப்கே: தேநீர் ஆறிப் போச்சு அண்ணி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.

பெல்தன்: சொல்லு.

தோப்கே: விடறதுக்கு முன்னாடி கையைக் கொஞ்சம்... இடப்பக்கம்... ஷெரப் நின்ன பக்கமா... காத்துக்காக இருக்கும் அண்ணி! அன்னிக்குக் காத்து அடிச்சுது!

பெல்தன்: ரெண்டு மாசமா இதை முழுங்கிட்டா திரியறே... காத்து இல்லப்பா. காரியம் முடிஞ்ச அன்னிக்கு அவரே சொன்னார். 'பலகை தெரியல பெல்தன், சிரிக்கிற வாய் மட்டும்தான் தெரிஞ்சுது'ன்னு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவருக்குச் சோறு வைப்பேன், நெத்திக்கு மருந்து போடுவேன். சன்னதிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே.