சிவப்பு மூடி டின்

– நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்ரீரங்கம் ரிஜிஸ்டர் ஆபீஸ். நிலம் உன் பேர்ல இருக்கு, கையெழுத்துப் போட நீ வந்தே ஆகணும் சகாயம்.

– ஜீயபுரத்து வாழைக்கொல்லைங்க அது. எங்க அப்பா எனக்குன்னு எழுதி வச்சது. கோழி இறகு அரைக்கிற மெஷினுக்காக அதை விக்கச் சொல்றீங்களே, மனசு ஆறலைங்க.

– இறகுன்னு இளக்காரமாப் பேசாதே. அத்தனையும் புரதம். காந்தி மார்க்கெட்ல சுக்கூர் பாய் கோழிக்கடையில சாக்குச் சாக்கா குப்பைக்குப் போகுது. தீவனத்துல போடுற கருவாட்டுத்தூள் விக்கிற விலையில, கோழி வளக்கிறவன் என்ன பண்ணுவான்?

– அந்த இறகை வேக வைக்க என் குக்கர்தானா கிடைச்சுது? இனிமே அதுல பருப்பு வச்சா தொண்டையில இறங்குமா?

– நீராவியில நல்லா வெந்தாத்தான் கோழிக்குச் செரிக்கும். நோட்டைப் பாரு. இடப்பக்கக் கூண்டுல இருபது கோழி. அதுங்க தீவனத்துல சிவப்பு மூடி டின், இறகுத்தூள். வலப்பக்கம் இருபது. அதுங்களுக்குப் பச்சை மூடி டின், கருவாட்டுத்தூள். ரெண்டு பக்கமும் தினம் பதினஞ்சு பதினாறு முட்டை. முதல் வாரம் மட்டும் இடப்பக்கம் குறைஞ்சுது. அப்புறம் பழகிடுச்சு.

– பழகலைங்க.

– என்னது?

– மாதா சத்தியமாச் சொல்றேன், கோவப்படாதீங்க. இடப்பக்கத்துக் கோழிங்க ஒண்ணையொண்ணு கொத்திப் பிடுங்கிக்கிட்டுக் கிடந்துச்சு. எனக்குப் பொறுக்கலை. நீங்க ஸ்கூலுக்குப் போனதும் சிவப்பு டின்னுல கருவாட்டுத்தூளைக் கலந்துட்டேன்.

– அடிப்பாவி! எப்பத்திலேருந்து?

– தவக்காலம் தொடங்கின சாம்பல் புதன்லேருந்து. ஏழு வாரமாச்சு. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டகூடச் சொல்லிட்டேன். உங்ககிட்டதான் வாய் வரலை.

– போச்சு. எல்லாம் போச்சு. சயின்ஸ் வாத்தியார் பிலோமின்ராஜ் பெருசாக் கண்டுபிடிச்சிட்டான்னு டீச்சர்ஸ் ரூம்ல பீத்திக்கிட்டேனே! கையெழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

– அப்ப கொல்லை தப்பிச்சுதுங்களா? மாதாவே, இப்பத்தான் எனக்கு மூச்சு வருது.

– இரு, இரு. பச்சை டின்னை நான் தினம் நிறுத்துப் பாக்கிறேனே. தூள் குறைஞ்சிருந்தா தெரிஞ்சிருக்குமே?

– எப்படித் தெரியும்? எடுத்த அளவுக்குச் சிவப்பு டின் தூளை அதுல கொட்டி நிரப்பிடுவேன். பாதிக்குப் பாதி.

– அப்ப வலப்பக்கக் கோழியும் இறகு தின்னுச்சா?

– ரெண்டு கூண்டுக்கும் ஒரே சாப்பாடுதாங்க. வாயில்லா ஜீவனுங்க, அதுங்களுக்குள்ள வஞ்சகம் பண்ணலாமா?

– ஏழு வாரம்... நாப்பது கோழி... பாதி இறகு... ஒரு முட்டைகூடக் குறையலையே, சகாயம்!