பாவு மனை

பிள்ளையார்பாளையத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது சார். அதற்காகத்தான் என் வீட்டை ஒட்டிய காலி மனையை வாங்கினேன். பத்திரம் என் பெயருக்கு வந்த பிறகும் தெரு ஜனம் அதைப் பாவு மனை என்றுதான் சொன்னது.

பட்டு இழையைத் தறியில் ஏற்றுமுன் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளிக்க வேண்டும். அதுதான் பாவு. முன்பெல்லாம் தெருவில் போடுவோம். இப்போது தெரு முழுக்க பைக். அடுத்த வீட்டுக் கதிர்வேல் தன் வாசலிலிருந்து என் மனைவரைக்கும் பாவை நீட்டி, உள்ளே முளை அடித்துவிட்டான். ஏனென்று கேட்டால், "நம்ம மனைதானேண்ணா" என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் கடை வைத்திருப்பவன். சிரித்துவிட்டு வந்தேன்.

வக்கீல் வரதராஜனிடம் போனேன். "வெளிய போன்னு சொல்லுங்க உமாபதி. கேக்கலைனா போலீசுக்குப் போங்க, கோர்ட்ல தடை வாங்குங்க. வேலிகூட போடலாம். வேலியில கரண்ட் மட்டும் வுடாதீங்க, ஆள் செத்தா நீங்கதான் உள்ள போவீங்க" என்றார். தங்கமான மனுஷர். அவர் சொன்னதில் வேலி எனக்குப் பிடித்திருந்தது. போட்டேன். கரண்ட்டும் கொடுத்தேன். 'அபாயம்' என்று பலகை எழுதி மாட்டினேன். தெருப்பக்கம் மாட்டினால் மின்வாரியத்தார் கண்ணில் படும் என்பதால் உள்பக்கம் பார்த்து மாட்டினேன்.

ஒரு நாய் பட்டுச் செத்தது. விஷயம் பரவியது. கதிர்வேல் தெருவிலேயே பாவு போட்டான்; ஆட்டோ ஏறி அத்தனையும் அறுந்தது. பாவம்தான்.

அடுத்த பாவு வந்ததும் அவனும் மனைவி அகிலாவும் காலையில் என் வாசலில் வந்து நின்றார்கள்.

"இந்த ஒண்ணு மட்டும் கட்டிக்கினு போயிடறோம்ண்ணா. இதுவும் போச்சுனா முதலாளி தறியப் பிடுங்கிடுவாரு."

வாசலில் வந்து கேட்பவரிடம் இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் வீட்டுக்காரி தையல்நாயகி வேறு பக்கத்தில் நின்றாள். "கட்டிக்கோப்பா" என்றேன்.

"கரண்ட்டு இருக்குதாண்ணா?" என்றாள் அகிலா.

"அப்பவே நிறுத்தியாச்சும்மா."

அது சத்தியம். அப்போது நிறுத்தித்தான் இருந்தது. எனக்குப் பொய் சொல்ல வராது.

அவன் தன் வாசலிலிருந்து வேலிக்கு மேலாக என் மனைக்குள் பாவை இழுத்துக் கட்டினான். கஞ்சி தெளிக்கத் தொடங்கும்வரை காத்திருந்தேன். தெளிக்கிறவன் பாவு நெடுகப் போய் வருவான். ஒவ்வொரு தடவையும் ஈரக் கையால் வேலிக் கம்பியை அமுக்கித் தாண்டியாக வேண்டும். நானும் நெய்தவன்தான், எனக்குத் தெரியாதா? உள்ளே போய்ச் சாமி விளக்கைக் கும்பிட்டேன். சுவிட்சைப் போட்டேன்.

அகிலா கத்தியும் நான் உடனே நிறுத்தவில்லை என்கிறார்களாம். அநியாயம் சார். கையில் சூடான காபி இருந்தது, டம்ளரைக் கீழே வைக்க வேண்டாமா?

எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது. சம்மதம் கொடுத்த பிறகு வந்தவன் அத்துமீறி நுழைந்தவன் ஆகமாட்டான் என்கிறார் வக்கீல். அதனால் நான் 'கட்டிக்கோப்பா' என்று சொன்னதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் நான் என் இடத்துக்குள் செய்ததுதானே சார்.