முன்னாடிக்கு மட்டும் ரெண்டு

மறுபடி சொல்லுங்க சார். முன்னாடிக்கு மட்டும் ரெண்டு புது பனி டயர், பின்னாடி பழசே ஓடட்டும். ம். தெற்கே மால்மோ பக்கமா நீங்க? அதானே பாத்தேன். அங்க குளிர்காலம்னாலே மழைதான். ஸ்வீடனோட இந்த வடகோடிக்கு, ஸ்ட்ரோம்சுந்துக்கு எப்ப வந்தீங்க... ஆகஸ்ட்லயா. அப்ப இன்னும் ஒண்ணும் பாக்கல.

ஜாக்கில ஏத்தித்தானே வச்சிருக்கேன், வந்து பின் டயரைத் தொடுங்க. நகத்தை வச்சு அழுத்துங்க. இறங்குதா? காஞ்ச செருப்பு மாதிரி கிடக்கு. பனியைக் கவ்வறதுக்கு டயர்ல பதிச்ச ஆணி பாதி கொட்டிப்போச்சு, மிச்சம் கிழவன் பல்லாட்டம் ஆடுது. இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்னு வித்தவன் சொன்னானா? அவன் சைக்கிள்ல போறவனா இருப்பான்.

இழுக்கறது முன்சக்கரம், அதனால அங்க புதுசு... ஆமா சார், வர்ற மேதாவி எல்லாம் இதைத்தான் சொல்றாங்க. நல்லா இழுக்கும். நல்லாத் திரும்பும். நீங்களும் குஷியா அழுத்துவீங்க. ஏரியோரமா ஒரு வளைவு இருக்கு பாருங்க, அங்க முன்பக்கம் ரோட்டைப் பிடிச்சுக்கும், பின்பக்கம் உங்களை முந்திக்கிட்டுப் போகும். அப்புறம் பள்ளத்துல இருந்து இழுத்துப் போடறதுக்கும் நான்தான் வரணும்.

பாலத்துகிட்ட இருக்கற கடையில ரெண்டு போதும்னாங்களா? அங்கயே போட்டுருக்கலாமே. ஓ, வரிசை நிக்குதா. முதல் பனி விழுந்தாத்தான் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு டயர் ஞாபகமே வரும். அதான் வேற வழியில்லாம இங்க வந்திருக்கீங்க. இந்தக் கடைப்பக்கம் போகாதீங்கன்னு உங்க ஹெட்விக் சொல்லியிருப்பாளே.

ஏன் முழிக்கிறீங்க. ஆமா, அவளோட பழைய புருஷன் நான்தான். வண்டி உள்ள வந்ததுமே தெரிஞ்சுபோச்சு. பின்சீட்ல அந்தச் சிவப்புக் குழந்தை நாற்காலி, அதுல ஒத்தைக் காது மான் ஸ்டிக்கர். ஒட்டினது நான். காதைப் பிச்சது என் பொண்ணு தூவா.

மூணு வயசுதானே, பின்கண்ணாடியைப் பாத்தபடிதான் அவளை உக்கார வச்சுக் கட்டுவீங்க. பின்பக்கம் வீசினா முதல்ல பாக்கறது அவதான். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. தூவா ஒரு வாரம் என்கிட்ட, ஒரு வாரம் அவ அம்மாகிட்ட; என் வாரம் முடிஞ்சுது, இனி உங்க வாரம். நாலு மணிக்கு பாலர் பள்ளியில இருந்து கூட்டிட்டுப் போகப்போறது நீங்கதானாம், ஏரி ரோட்டு வழியா.

நேரமிருக்கு, உக்காருங்க சார். பிளாஸ்க்ல காப்பி இருக்கு. நாலும் புதுசா மாட்டாம நான் வண்டியைக் கீழ இறக்கறதா இல்ல.